பதினேழாம் பக்கம்

பில்லிங்ஸ் கண்காட்சிக் கொட்டகையில்
போன வாரம் மாட்டுச் சந்தை.
மரத்தூளைக் கூட்டிவிட்டார்கள், வாடை போகவில்லை.
இந்த வாரம் நாங்கள்:
பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பவர்கள்,
அவர்களிடம் எதையாவது விற்பவர்கள்.
நான் இரண்டும்.

மேஜைக்கு வாடகை நூற்றெண்பது டாலர்,
விரிப்புக்குத் தனி.
எங்கள் படுக்கை விரிப்பையே கொண்டுவந்தேன்,
கறை என் பக்கம் இருக்கும்படி.
அதன்மேல் நாற்பது புத்தகம், பின்னங்கள் பற்றி,
நானே எழுதி நானே சுருள்கம்பி கோத்தது.

எதிரே பெரிய கம்பெனி.
பலூன் வளைவு, சுழல் சக்கரம்,
சுற்றினால் மிட்டாய், கொசுறாக ஒரு பென்சில்.
'உங்கள் குழந்தை இரண்டு வகுப்பு முந்தும்'
என்று ஆளுயரத்தில் எழுதியிருக்கிறது.
வீட்டில் தனியாகப் படிக்கிற பிள்ளை
யாரை முந்துவது, பூனையையா?

என் பலகையில் என்ன எழுதுவதென்று
மூன்று இரவு யோசித்தேன்.
'எளிது.' பொய்.
'இனிது.' அதுவும்.
'ஒரு தாய் எழுதியது.'
இந்தக் கொட்டகையில் எல்லாமே
ஒரு தாய் எழுதியதுதான்.
கடைசியில், 'பின்னங்கள், பதினான்கு டாலர்.'
வண்டியில் ஏற்றும்போது என் கணவர் சொன்னார்:
"உருளைக்கிழங்கு விலை மாதிரி இருக்கு."

மதியம்வரை போணி ஆகவில்லை.
நின்றவர்கள் இருவர்.
ஒருவர் கழிவறைக்கு வழி கேட்டார்,
ஒருவர் என் நாற்காலியை.

ஒன்றரை மணிக்கு ஒருத்தி வந்தாள்,
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, பின்னால் மூன்று.
புத்தகத்தை எடுத்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் மேஜைக்கடியில் பார்த்தாள்.
அங்கே என் மகன் வெண்டெல், பதினொரு வயது,
பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தான்.
"நீ இதிலயா படிச்சே?"
ஆமாம் சொல்லடா என்று
கால் கட்டைவிரலால் இடித்தேன்.
"பதினேழாம் பக்கம் வரைக்கும்," என்றான்.
"அங்க புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சேன்.
அம்மா அழுதா. அப்புறம் ரெண்டு நாள் லீவு."

எனக்குக் காது சுட்டது.
அவள் பதினேழைத் திருப்பினாள்.
முக்காலை அரையால் வகுத்தால் ஒன்றரை.
வகுத்தால் குறையத்தானே வேண்டும்?
வெகுநேரம் நின்றாள்.
இடுப்புக் குழந்தை எட்டி விரிப்பைச் சப்பியது.
"எங்க வீட்லயும் இங்கதான்," என்றாள்.
"நவம்பர்லேர்ந்து."

எப்படித் தாண்டினீர்கள் என்று
அவனிடம்தான் கேட்டாள்.
"முக்கால் கப் மாவுல
அரைக் கப்பு எத்தனை தடவை நிரம்பும்னு பாத்தோம்.
ஒரு தடவை. அப்புறம் பாதி.
பான்கேக் தீஞ்சுபோச்சு."

இரண்டு பிரதி, ஒன்று தங்கைக்கு.
காசோலையில் பெயர் படித்தேன்:
கார்லீன் ஷட்.

அதற்கப்புறம் நான் செய்ததை
வெண்டெல் இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.
பலகையைத் திருப்பி மார்க்கரால் எழுதினேன்:
'பதினேழாம் பக்கத்தில் அழுவீர்கள்.
நாங்களும் அழுதோம்.'

பத்தொன்பது பிரதி போயிற்று.
எதிர்க்கடைப் பையன் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து
பலகையைப் படம் எடுத்தான்.
நாலு மணிக்குள்
அந்தக் கதையைக் குரல் தாழ்த்திச் சொல்லக் கற்றுக்கொண்டேன்,
எங்கே நிறுத்தி மூச்சு விடவேண்டும் என்பதுவரை.
"நீ அழுதது ஒரு தடவைதான்,"
மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது.
"இன்னிக்கு இது பதினெட்டாவது."

திரும்பும் வழியெல்லாம் பனித்தூறல்.
வாடகை, பெட்ரோல், அச்சுக்கூலி போக
முப்பத்தொரு டாலர் நின்றது.
வெண்டெல் தூங்கிவிட்டான், அல்லது தூங்குவதாகப் படுத்திருந்தான்.

மே மாதம் போஸ்மனில் அடுத்த கண்காட்சி.
மாவுக் கணக்கைப் பதினேழில் சேர்த்துவிட்டால்
ஒருவரும் அழமாட்டார்கள்.
நாலு வரி வேலை.
ஒரு வாரமாகக் கோப்பைத் திறந்து
திறந்து மூடுகிறேன்.
பலகை கதவோரம் சாய்ந்திருக்கிறது,
எழுத்து என்னைப் பார்த்தபடி.